ஐ3-12100எஃப் + எச்610: வேலூர் கடை கொடுத்த கம்ப்யூட்டர் கொட்டேஷன் சரியா?

காட்பாடி_வாசி:
இன்டெல் ஐ3-12100எஃப் ப்ராசஸர், எச்610 டிடிஆர்5 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒண்ணு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ்), 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராபிக்ஸ் கார்டு இல்லை. வேலைன்னா தமிழ் டைப்பிங், டேலி, பசங்களுக்குப் பைத்தான், எப்பவாவது போட்டோ எடிட்டிங். கேம் கிடையாது. பின்னாடி ப்ராசஸரை மட்டும் மாத்த முடியணும். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

சத்துவாச்சாரி:
கொடுத்துடாதீங்க சார். போர்டு டிடிஆர்5, ராம் டிடிஆர்4; ராம்ல ரெண்டும் வேற வேற தலைமுறை, சேராது. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். ஸ்லாட்ல உட்காராது, அழுத்தினா ஸ்லாட்தான் போகும்.

ராமை மாத்தினாலும் அந்த 'எஃப்' விடாது. எஃப் போட்டா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டுலதான் எச்டிஎம்ஐ இருக்கேன்னு நம்பாதீங்க, அது வெறும் வாசல். படம் ப்ராசஸர்லேர்ந்துதான் வரணும். எஃப் இல்லாத 12100 கேளுங்க. அதுல இருக்கிற யுஎச்டி 730 உங்க வேலைக்குத் தாராளம்.

எச்610லயே டிடிஆர்4க்குத் தனி, டிடிஆர்5க்குத் தனி போர்டு. பில்லுல 'எச்610 போர்டு'ன்னு மொட்டையா எழுத விடாதீங்க, முழு மாடல் பேர் வேணும்.

காட்பாடி_வாசி:
நல்லவேளை கேட்டேன். ராம் 8 போதுமா? எச்610 பின்னாடி ஐ5 தாங்குமா?

பாலாற்றங்கரை:
8+8 போடுங்க. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கும்; ஒத்தை ராம்னா டேட்டா போற வழி பாதியாயிடும். எச்610ல பெரும்பாலும் ரெண்டே ஸ்லாட், அதனால 4+4 வாங்கி ரெண்டையும் அடைச்சுடாதீங்க.

ஐ5-13400, 14400 தாங்கும். ஆனா பழைய ஸ்டாக் போர்டுன்னா பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கிற தொடக்க சாஃப்ட்வேர்) அப்டேட் வேணும். 12100 மாட்டியிருக்கும்போதே அப்டேட் பண்ணிடுங்க. புதுசை மாட்டின பிறகு திரையே வரலேன்னா எதை வச்சு அப்டேட் பண்ணுவீங்க? ஐ7 ஆசை இருந்தா பி760 போர்டு எடுங்க. விலை குறைஞ்ச எச்610ல விஆர்எம் (ப்ராசஸருக்குக் கரண்டைச் சீராக்கித் தர்ற பகுதி) மேல ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) கூட இருக்காது, சூடேறி வேகம் இறங்கும்.

இன்னொண்ணு, ப்ராசஸர் உட்கார்ற இந்த எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெல் 14ஆம் தலைமுறையோட முடிஞ்சது. அதுக்கு மேல வளரணும்னா ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட், அதுல ரைசன் 5 7600 ப்ராசஸர். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு (அங்கேயும் 7500எஃப்ல கிடையாது). ஆனா டிடிஆர்5 மட்டும்தான், செலவு கூடும். டேலிக்கு அது வீண்னுதான் சொல்வேன்.

கோட்டை_வெளி:
மாட்டும்போது கவனிங்க. சாக்கெட் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்க வேணாம். ப்ராசஸர் வச்சு லிவரை அமுக்கினா தானா தெறிச்சு வரும். அதைப் பத்திரமா வைங்க, வாரண்டிக்குப் போர்டு அனுப்பும்போது கேட்பாங்க. ஃபேனோட நாலு பின்னையும் மூலைக்கு மூலை எதிரா அழுத்தி, போர்டைத் திருப்பிப் பாருங்க. ஒண்ணு முழுசா இறங்கலேன்னாலும் ஒரு பக்கம் தூக்கிக்கும். கத்திரி வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல வச்சா அப்போ தெரியும் சேதி. முன்பக்கம் வலை போட்ட கேபினட்டா எடுங்க.

ஃபேன் சுத்தியும் திரை வரலேன்னா, போர்டு மேல் மூலையில சிபியு பவர் ஒயர் குத்தியிருக்கான்னு முதல்ல பாருங்க. பாதி கேஸ் அதுதான்.

காட்பாடி_வாசி:
மாத்தின லிஸ்ட்: 12100, எச்610 டிடிஆர்4 போர்டு, 8+8 டிடிஆர்4 3200, மத்தது அப்படியே.

சத்துவாச்சாரி:
சரி. எஸ்எம்பிஎஸ்-க்கு வாட் மட்டும்தான் போட்டிருக்கு, கம்பெனி பேர் எங்கே? அதையும் எழுதி வாங்குங்க.