53 வயதில் ரியல் அனாலிசிஸ்: விருப்ப ஓய்வு வாங்கிப் படிக்கலாமா?

காவிரிக்கரை:
நான் பி.காம், வங்கி வேலை. ஒரு வருடமாக விடியற்காலையில் ரியல் அனாலிசிஸ் படிக்கிறேன்; எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைக் கறாராக நிரூபிக்கும் கணிதம். விருப்ப ஓய்வு வாங்கி முழுநேரமும் இதில் இறங்க ஆசை. தெம்பு தந்தவர் மார்ஜரி ரைஸ். பள்ளிக் கணக்கோடு நின்ற அமெரிக்க இல்லத்தரசி. 1975-இல், 52 வயதில், மகனுக்கு வாங்கிய பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் பார்த்துவிட்டு, இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புது வகைகளைக் கண்டுபிடித்தார்.

பழைய விரிவுரையாளர்:
வேண்டாம் சார். ஐங்கோணத்தை வரைந்து பார்க்கலாம், அனாலிசிஸில் அது நடக்காது. யீடாங் ஜாங் என்ற கணிதவியலாளரையும் சொல்வார்கள். பகா எண் இடைவெளி பற்றி அவர் 2013-இல் நிரூபித்தபோது வயது 57-58 இருக்கும், உண்மைதான். ஆனால் 1991-லேயே முனைவர் பட்டம் வாங்கியவர். தாமதமாக வந்தது பெயர், படிப்பு அல்ல. வீடியோ பார்த்துத் தலையாட்டினால் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

மாடித்தோட்டம்:
47 வயதில் லினியர் அல்ஜீப்ரா தொடங்கி ஆறு மாதத்தில் விட்டேன். வயது தடுக்கவில்லை. நான் எழுதியது சரியா என்று சொல்ல ஆள் இல்லை.

காவிரிக்கரை:
நான் எதையும் கண்டுபிடிக்க வரவில்லை சார். 1, 1/2, 1/3 என்று போகும் தொடர்வரிசை பூஜ்யத்தை நெருங்கும் என்று பள்ளியில் சொன்னார்கள், நம்பினேன். அந்த 'நெருங்கும்' என்பதை எப்சிலான் என்ற சிறிய தூரத்தை வைத்துச் சொல்லும் எப்சிலான் வரையறை மூன்று வாரம் பிடிபடவில்லை. ஒருநாள் அதை இருவர் பேசுவதாக எழுதினேன். "எவ்வளவு நெருக்கம் வேண்டும்?" "0.001." "அப்படியானால் 1000-ஆவது உறுப்புக்கு அப்புறம் எல்லாமே உள்ளே." எவ்வளவு சிறிய எண்ணைக் கேட்டாலும் பதில் இருக்கிறது! 35 வருடம் நம்பியதை அன்றுதான் அறிந்தேன்.

பழைய விரிவுரையாளர்:
அது முதல் படி. பாதிப் பேர் தடுக்கி விழுவது சீரான தொடர்ச்சியில்: எந்த எப்சிலானுக்கும் ஒரு டெல்டா வேண்டும்; எந்த இடத்திலும் இரு புள்ளிகள் டெல்டாவைவிட நெருக்கமாக இருந்தால், சார்பின் மதிப்புகள் எப்சிலானைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். மெய்யெண்கள் முழுவதிலும் வர்க்கச் சார்புக்கு (x-க்கு x² தருவது) அது கிடையாது. நிரூபியுங்கள்.

காவிரிக்கரை:
டெல்டாவை எவ்வளவு சிறிதாகக் கொடுத்தாலும், 1/டெல்டா என்ற புள்ளியையும், அதைவிட டெல்டாவில் பாதி பெரிய இன்னொரு புள்ளியையும் எடுக்கிறேன். வர்க்கங்களின் வித்தியாசம் 1-ஐத் தாண்டுகிறது. எப்சிலான் 1 என்றால் எந்த டெல்டாவும் போதாது.

பழைய விரிவுரையாளர்:
டெல்டா நேர் எண் என்று முதலில் எழுத வேண்டும். மற்றபடி குறையில்லை. விருப்ப ஓய்வு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. அதே சார்பு 0 முதல் 1 வரை ஏன் சீரான தொடர்ச்சியோடு இருக்கிறது? எழுதிப் போடுங்கள், திருத்தித் தருகிறேன்.