சாப்பாட்டு வழியாக அன்றாட ஆங்கிலம்: எந்தச் சொற்களில் தொடங்குவது?

புதுவரவு கேட்டது:

இலக்கணம் ஓரளவு தெரியும், செய்தி படித்தால் புரிகிறது. ஆனால் ஆங்கிலச் சமையல் குறிப்போ உணவக மெனுவோ கைக்கு வந்தால் வரிக்கு இரண்டு சொல் இடறுகிறது. பரிமாறுகிறவர் வேகமாகக் கேட்கும் கேள்விகள் அதைவிட மோசம். காய்கறி, பழம், பாத்திரம் என்று பட்டியல் போட்டுப் படித்தவை பேசும்போது வாயில் வருவதில்லை. சாப்பாட்டை வைத்தே அன்றாட ஆங்கிலம் பழக வேண்டுமானால் எதை முதலில் எடுக்கலாம்?

மெல்லினம்:

பெயர்ச்சொல் பட்டியலை மூடி வையுங்கள். ஒரு பழத்தின் பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டிவிடலாம். வினைச்சொல்லை அப்படிக் காட்ட முடியாது.

முதலில் கத்தி வேலை. ‘பீல்’ தோல் சீவுவது. ‘சாப்’ துண்டாக்குவது, துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ‘ஸ்லைஸ்’ வில்லை போடுவது, ‘டைஸ்’ ஒரே அளவுச் சிறு சதுரங்கள், ‘மின்ஸ்’ பொடிப்பொடியாக, ‘கிரேட்’ துருவுவது. எல்லாவற்றுக்கும் ‘கட்’ என்றே சொல்லி ஓட்டுவதுதான் பலர் செய்வது. புரியும், ஆனால் சொல்வளம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து அடுப்பு. நாம் ‘வேகவை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலம் சூட்டை வைத்துப் பிரிக்கிறது. ‘பாயில்’ என்றால் 100 டிகிரியில் தளதளவென்று கொதிப்பது. ‘சிம்மர்’ அதற்குச் சற்றுக் கீழே, சின்னக் குமிழிகள் மட்டும் எழும் நிலை. ‘போச்’ இன்னும் கீழே, நீர் அசைந்தும் அசையாமலும் இருக்கும். ‘சுடு’ என்பதும் இப்படித்தான் பிரியும்: ஓவனில் மாவுப் பண்டமானால் ‘பேக்’, அதே ஓவனில் இறைச்சியோ காயோ ஆனால் ‘ரோஸ்ட்’, ஏற்கெனவே வெந்த ரொட்டியைச் சிவக்க வைத்தால் ‘டோஸ்ட்’.

பழகும் முறை: 8 முதல் 10 வரிக்குள் முடியும் ஒரு குறிப்பை எடுங்கள். வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். சமைக்கும்போது ஒவ்வொரு வேலையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்ததும் தாளை மூடிவிட்டு, செய்ததை இறந்த காலத்தில் முழு வாக்கியங்களாகச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படியை விடக்கூடாது. குறிப்புகளின் ஆங்கிலம் கத்தரித்த ஆங்கிலம். ‘டிரெய்ன் அண்ட் செட் அசைட்’ என்று இருக்கும். எதை வடிப்பது என்றே சொல்லாது, ‘த’, ‘எ’ எல்லாம் உதிர்ந்திருக்கும். அதையே பேச்சில் பேசினால் தந்தி அடிப்பதுபோல் கேட்கும். ‘ஐ டிரெய்ண்ட் த பாஸ்தா அண்ட் செட் இட் அசைட்’ என்று விரித்துச் சொல்லிப் பழகினால்தான் அது பேச்சு.

மெனுவில் மூன்றாம் வினைவடிவம் குவிந்து கிடக்கும்: ‘கிரில்ட்’ (சூட்டில் வாட்டியது), ‘ஸ்டஃப்ட்’ (உள்ளே அடைத்தது), ‘டாப்ட் வித்’ (மேலே போட்டது), ‘செர்வ்ட் வித்’ (கூடவே வருவது). பண்டத்தின் பெயர் புரியாவிட்டாலும் இவை புரிந்தால் தட்டில் வரப்போவது பாதி தெரிந்துவிடும்.

அரைப்புள்ளி:

மெல்லினம் சொன்னது சமையலறைக்குச் சரி. உணவகத்தில் தனிச்சொல் உதவாது, முழுத் தொடர்தான் வேண்டும். பரிமாறுகிறவரின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும்: முன்பதிவு, தண்ணீர், ஆர்டர், ஒவ்வாமை, ‘எனிதிங் எல்ஸ்?’, பில். வரிசை தெரிந்தால் பாதிச் சொல் காதில் விழாவிட்டாலும் சமாளிக்கலாம்.

காதைக் குழப்பும் சில இடங்கள்:

‘ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?’ என்பது தண்ணீரைப் பற்றிய கேள்வி. சாதா நீரா, வாயு ஏற்றியதா என்று கேட்கிறார்.

‘சூப் ஆர் சாலட்?’ வேகத்தில் ‘சூப்பர் சாலட்’ என்று விழும். குரலைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் முதல் சொல்லில் குரல் ஏறி, இரண்டாவதில் இறங்கும். அதற்கு ‘யெஸ்’ என்று பதில் சொன்னால் அவர் மறுபடி கேட்பார்.

‘ஐ’ம் குட்’ என்றால் ‘போதும், வேண்டாம்’. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதைச் சொன்னால் கிடைக்காது.

கேட்கும் முறையும் முக்கியம். ‘ஐ வாண்ட்’ இலக்கணப்படி சரி, காதுக்கு அதட்டல். ‘ஐ’ல் ஹாவ் த…’, ‘குட் ஐ கெட்…’ இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் ‘ப்ளீஸ்’ சேர்த்தால் எந்த மேசையிலும் போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் ‘டஸ் திஸ் கன்டெய்ன் நட்ஸ்?’, ‘ஐ’ம் அலர்ஜிக் டு…’ இரண்டையும் யோசிக்காமல் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். ‘ஐ டோன்ட் லைக் நட்ஸ்’ என்றால் அதை விருப்பக்குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசிபெஞ்ச்:

ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ், அமெரிக்கச் சொற்களை முதல் மாதங்களில் கலக்காதீர்கள். ‘சிப்ஸ்’ அமெரிக்காவில் பொட்டலத்தில் வரும் மெல்லிய வறுவல், பிரிட்டனில் தடித்த உருளைக்கிழங்குப் பொரியல் (மெல்லியது அங்கே ‘கிரிஸ்ப்ஸ்’). ‘ஆன்ட்ரே’ அமெரிக்க மெனுவில் முதன்மை உணவு, ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் வரும் சிறு உணவு. பிரிட்டிஷ் குறிப்பில் ‘கிரில்’ என்றால் மேலிருந்து வரும் சூடு, அமெரிக்கர் அதை ‘பிராயில்’ என்பார்கள்.

அளவிலும் உண்டு: டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஆனால் ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி. உப்பு விஷயத்தில் இது விளையாட்டல்ல.

புதுவரவு:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று: ‘எ பிரெட்’ தப்பு என்கிறார்கள், ‘எ சிக்கன்’ சரி என்கிறார்கள். எப்படி?

மெல்லினம்:

‘எ சிக்கன்’ என்றால் முழுக்கோழி. ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் ஒரு கோழியை முழுசாகத் தின்றதாகிவிடும். இறைச்சியைச் சொல்லும்போது ‘எ’ இல்லாமல் ‘சிக்கன்’, அல்லது ‘சம் சிக்கன்’. ‘பிரெட்’ எண்ண முடியாத பெயர், அதனால் அளவுச் சொல் முன்னால் வர வேண்டும்: ‘எ லோஃப் ஆஃப்’ முழு ரொட்டி, ‘எ ஸ்லைஸ் ஆஃப்’ ஒரு துண்டு. இவற்றை இணையாகவே மனதில் ஏற்றுங்கள். பூண்டில் ‘ஹெட்’ முழுப்பூண்டு, ‘குளோவ்’ ஒரு பல். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் குழம்பின் கதி என்னவென்று சொல்ல வேண்டாம்.

இறைச்சியானபின் பெயர் மாறும் விலங்குகளும் உண்டு. மாடு ‘கௌ’, அதன் இறைச்சி ‘பீஃப்’. பன்றி ‘பிக்’, இறைச்சி ‘போர்க்’. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அவர்களுடைய பிரெஞ்சிலிருந்து வந்தவை இந்த இறைச்சிப் பெயர்கள்.

அரைப்புள்ளி:

தமிழ் வழியாக யோசிப்பதால் விழும் பிழைகளையும் சேர்த்துவிடுகிறேன். ‘கீப் த பிளேட் ஆன் த டேபிள்’ அல்ல, ‘புட்’. ‘கீப்’ என்றால் அங்கேயே வைத்திரு என்றாகும். ‘டேக் ஃபுட்’ அல்ல, ‘ஹாவ் லஞ்ச்’, அதுவும் ‘எ’ இல்லாமல். காரத்துக்கு ‘ஹாட்’ என்றால் சூடா காரமா என்று குழம்புவார்கள், ‘ஸ்பைசி’ என்று சொல்லிவிடுங்கள். குக்கர் என்பது கருவி, சமைக்கிறவர் ‘குக்’.

‘கெட்டுப்போச்சு’ என்பதற்கும் பொருளைப் பொறுத்துச் சொல் மாறும். நாள்பட்ட ரொட்டி ‘ஸ்டேல்’, அழுகிய பழம் ‘ராட்டன்’, புளித்துப்போன பால் ‘சவர்’ அல்லது ‘ஆஃப்’, காறிப்போன எண்ணெய் ‘ரான்சிட்’. எது என்று தெரியாத இடத்தில் ‘இட்ஸ் கான் பேட்’ எல்லாவற்றுக்கும் செல்லும்.