நைனாவுக்கு சர்க்கரை எல்லையில நிக்குது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

தண்டையார்பேட்டை பொண்ணு:
எங்க நைனாவுக்கு 63 வயசு. துறைமுகத்துல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மூணு மாச சர்க்கரை சராசரி 6.2. தொப்பை இருக்கு, எப்பவும் அசதி. ஆம்பளை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 290, குறைவுன்னு ரிப்போர்ட். ஒரு கிளினிக்ல, "மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா சர்க்கரை வியாதி வராது"ன்னு சொல்றாங்க. போடலாமா?

காசிமேடு அண்ணன்:
தாராளமா போடலாம்மா. ஆஸ்திரேலியாவுல 1007 ஆம்பளைங்களை வெச்சு ரெண்டு வருஷம் பார்த்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு. எல்லாரும் 50 வயசு தாண்டினவங்க, தொப்பைக்காரங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, வெறும் மருந்தில்லா ஊசி போட்டவங்கள்ல 21 சதவீதம் பேருக்கு சர்க்கரை இருந்துச்சு. டெஸ்டோஸ்டிரோன் போட்டவங்கள்ல 12 தான். நானும் ஒன்றரை வருஷமா போடறேன். இடுப்பு 40ல இருந்து 37க்கு வந்திருக்கு.

பெரம்பூர் நர்ஸ்:
அண்ணா, அதே ஆய்வுல ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. அதை விட்டுட்டு ஊசியை மட்டும் சொல்றது சரியில்ல. இன்னொண்ணு, ஊசி போட்டவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு, 54 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. ரத்தம் தடிச்சுப் போறதுன்னு அர்த்தம். ஒரு பெரியவருக்கு நான் ரத்தம் எடுத்தேன், கருஞ்சிவப்பா, சிரிஞ்சுக்குள்ள ஏறவே மாட்டேங்குது. ஹெமடோகிரிட் 57. பத்து மாசமா ஊசி போட்டிருக்கார், ஒரு தடவைகூட ரத்தம் பார்க்கல.

காசிமேடு அண்ணன்:
அது ஊசியோட குத்தம் இல்ல, பார்க்காம போட்டவங்க குத்தம். எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹெமடோகிரிட், வருஷத்துக்கு ஒரு தடவை புராஸ்டேட் பரிசோதனை. 2023ல அமெரிக்காவுல 5000 பேருக்கு மேல பார்த்ததுல மாரடைப்பு, பக்கவாதம் கூடலயே!

பெரம்பூர் நர்ஸ்:
கூடல, ஒத்துக்கறேன். ஆனா அதே ஆய்வுல இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுறதும், நுரையீரல்ல ரத்தக்கட்டி வர்றதும் கூடுச்சு. அதுல ஊசி இல்ல, டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைத் தோல்ல தடவினாங்க. சர்க்கரை எல்லையில இருந்தவங்களைத் தனியா எடுத்துப் பார்த்தா, அது சர்க்கரை வியாதியைத் தடுக்கல. 2024ல வந்த முடிவு இது. டெஸ்டோஸ்டிரோன் நிஜமாவே குறைஞ்சு, அதோட தொந்தரவும் இருக்கறவருக்கு ஊசி தேவை. சர்க்கரையைத் தடுக்கன்னு மட்டும் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

பாப்பா, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க? நைனா குறட்டை விடுவாரா?

தண்டையார்பேட்டை பொண்ணு:
சாயங்காலம் அஞ்சு மணிக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. குறட்டை பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும்கா. நடுவுல மூச்சே நின்ன மாதிரி ஆயிடும், அம்மா உலுக்கி எழுப்புவாங்க.

பெரம்பூர் நர்ஸ்:
அப்போ அந்த 290ஐ நம்பாத. இந்த ஹார்மோன் காலையிலதான் அதிகமா இருக்கும், வெறும் வயித்துல வேற ரெண்டு நாள் காலையில எடுத்துப் பார்க்கணும். தூக்கத்துல மூச்சு நிக்கறதாலயே அசதி வரும். ஊசி போட்டா அந்த மூச்சுத்திணறல் அதிகமாகவும் வாய்ப்பிருக்கு. தொப்பை குறைஞ்சா டெஸ்டோஸ்டிரோனும் தானா கொஞ்சம் ஏறும்.

காசிமேடு அண்ணன்:
குறட்டை விஷயம் எனக்குத் தெரியாதும்மா. மூச்சு நிக்குதுன்னா முதல்ல அதைப் பாரு. ஆனா ரெண்டு தடவையும் குறைவா வந்தா, பயந்துக்கிட்டு ஊசியை ஒதுக்கிடாத. நான் படி ஏற முடியாம இருந்தவன்.

தண்டையார்பேட்டை பொண்ணு:
சரிண்ணா. திங்கட்கிழமை காலையில ஏழரைக்குக் கூட்டிட்டுப் போறேன். தூக்கப் பரிசோதனைக்கும் கேட்டுடறேன்கா.