மறு: ‘குருட்டுத் தறையாணி’ வேண்டாம் – ஏர்ஸ்ட்ரீம் குறிப்புகளுக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நான் அனுப்பிய சொற்களுக்கு இத்தனை பதில்கள் வந்ததில் மகிழ்ச்சி. தனித்தனியாக எழுதாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: ஓஹையோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் 1960களில் வந்த ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அலுமினிய வீடு) ஒன்றைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கிறார். வார இறுதிகளில் நானும் கூடமாட வேலை செய்கிறேன். அந்த வேலைக் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே, தகடுகளை இணைக்கும் ரிவிட்டில் வந்து நின்றுவிட்டேன். அதற்குத் தறையாணி என்று எழுதினேன்.

> ரிவிட் என்றே எழுதினால் என்ன? எல்லாருக்கும் புரியுமே.

புரியும். பேச்சில் நானும் ரிவிட் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதிலிருந்து அடுத்த சொல்லை எடுக்க முடியவில்லை. தறையாணியில் ‘தறை’ என்ற வினை இருக்கிறது. தறைந்த தகடு, தறையாத துளை, சரியாகத் தறையவில்லை என்று வாக்கியம் தானாக ஓடுகிறது. கடாவி என்ற சொல்லையும் ஒருவர் நினைவூட்டியிருந்தார். கடாவுதல் என்றால் உள்ளே அறைந்து செலுத்துவது. அது மரத்தில் இறங்கும் ஆணிக்கும் பொருந்தும். ரிவிட்டோ மறுபக்கம் வெளியே வந்து, அங்கே நசுங்கித் தலையாக வேண்டும். அதனால் என் ஓட்டு தறையாணிக்கே.

சரி, இப்போது குருட்டுத் தறையாணி. ஆங்கிலத்தில் blind rivet என்று இருப்பதை அப்படியே பெயர்த்த சொல் இது. எந்த இடத்தில் எதைப் போடுவது என்று இதைப் படிப்பவருக்குத் தெரியாது. வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு பெயர் தோன்றும்.

இந்த டிரெய்லர்களின் உடலைக் கட்டும் முறை விமானப் பட்டறையிலிருந்து வந்தது. விமானி லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஹாலி போலஸ். அவர் 1934இல் தறையாணி அடித்த அலுமினிய டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏர்ஸ்ட்ரீமைத் தொடங்கிய வாலி பையமின் கிளிப்பர் டிரெய்லர் 1936இல் அதே வழியில் வந்தது. அந்த முறைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலை ஆணியின் தலைமேல் வைத்து அடிப்பார். உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டையை ஆணியின் வால்முனையில் அழுத்திப் பிடித்திருப்பார். உள்ளே இருந்தது நான். பட்டென்று ஒரு அதிர்வு கைக்குள் இறங்கும், ஆணியின் வால் வெண்ணெய்போல் அகலும். உடனே தடவிப் பார்ப்பேன். 1/8 அங்குல ஆணி என்றால் நசுங்கிய முனை சுமார் 3/16 அங்குலம் அகலமும் 1/16 அங்குலம் உயரமும் இருக்க வேண்டும். இருந்தால் தகட்டில் இரண்டு தட்டு, அடுத்த துளைக்குப் போகலாம் என்று பொருள்.

இதற்கு உள்பக்கம் திறந்திருக்க வேண்டும். உள் தகட்டைக் கழற்றாமல் ஓரிரு ஆணிகளை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் வெளியிலிருந்தே செருகி இழுத்து இறுக்கும் வகைக்குப் போகிறார்கள். ‘குருட்டு’ என்பது இதைத்தான். ஆக, வேறுபாடு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் நின்றால் இருபுறத் தறையாணி, ஒரு பக்கம் போதுமென்றால் ஒருபுறத் தறையாணி. பெயரைப் பார்த்ததுமே உள் தகட்டைக் கழற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

ஒருபுற வகையிலேயே ஒலிம்பிக் என்று ஒன்று உண்டு. உள்ளே மூன்று காலாக விரிந்து பிடிக்கும். வெளியே துருத்தும் தண்டைச் சீவிவிட்டால் பழைய தலைபோலவே தெரியும். முக்கால் தறையாணி என்று ஒருவர் சொல்லியிருந்தார். முக்கால் அங்குலம் என்று படித்துவிடுவார்கள், வேண்டாம். ஒலிம்பிக் என்றே இருக்கட்டும்.

அடுத்தது இரண்டு தலைகள். ஆணியோடு செய்துவருவது ஒன்று, அடித்து உருவாக்குவது இன்னொன்று. இவற்றுக்கு முன்தலை, பின்தலை என்பதே என் முன்மொழிவு. முதல் தலை முன்னரே இருக்கிறது, முன்பக்கமும் இருக்கிறது. இரண்டாவது பின்னர் வருகிறது, பின்பக்கம் வருகிறது. காலத்துக்கும் இடத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது, அதைப் பயன்படுத்திக்கொள்வோமே. ‘பின்’ என்பதை ஆங்கிலப் பின்னாகப் படித்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயம்தான். ஆனால் முன்தலைக்குப் பக்கத்தில் வரும்போது அந்தக் குழப்பம் எழாது என்று நினைக்கிறேன்.

> பழைய ஆணியை எடுப்பதற்குத் ‘தலை சீவுதல்’ எப்படி?

சீப்பு ஞாபகம் வருகிறது. ஒலிம்பிக் தண்டுக்கும் சீவுதலை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். தலைகொய்தல் என்று வைக்கலாம். செய்முறையும் அப்படித்தான்: 2117 என்ற அலுமினிய உலோகக் கலவையில் செய்த ஆணியின் முன்தலை நடுவில் சின்னக் குழி ஒன்று இருக்கும், துளைமுனையை அதில் ஊன்றி, தலையின் கனத்துக்கு மட்டும் துளைத்து நிறுத்த வேண்டும். பிறகு ஊசியுளியைக் குழிக்குள் விட்டு நெம்பினால் தலை மொட்டுப்போல் கழன்று வரும். மிச்சத்தை மெல்லத் தட்டினால் போதும். ஆழமாகத் துளைத்தால் தகட்டின் துளை அகன்று, 1/8 இருந்த இடத்தில் 5/32 போடவேண்டி வரும். எங்களுக்கு இரண்டு இடத்தில் அப்படி ஆனது.

தளர்ந்த ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஒழுகியிருப்பதைப் ‘புகைதல்’ என்று எழுதியிருந்தேன், அதுவும் ஆங்கிலத்தின் நிழல்தான். தகடும் ஆணியும் உரசி உதிர்ந்த அலுமினிய ஆக்சைடு மழைநீரோடு கலந்து கோடாக இறங்குகிறது. அழுத குழந்தையின் கன்னத்தில் மை வழிந்ததுபோலவே இருக்கும். மைவழிதல் என்று மாற்றிவிட்டேன். எந்த ஆணியை மாற்ற வேண்டும் என்பதற்கு முதல் அடையாளம் இது. இதோடு துருக்கறையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: முன்பு யாரோ இதைப் பழுதுபார்த்தபோது எஃகுத் தண்டுள்ள ஆணிகளைப் போட்டிருக்கிறார்கள், அவற்றின் கீழே செம்பழுப்பாக வடிந்திருக்கிறது.

துளைகளை நேர்படுத்தித் தற்காலிகமாகப் பிடிக்கும் கிளீகோவுக்கு இழையாணி என்றார் ஒரு நண்பர். தையற்காரர் இழையோட்டுவதிலிருந்து எடுத்திருக்கிறார், அழகான சொல். ஆனால் இழை என்றதும் திருகின் மரைதான் பட்டறையில் நினைவுக்கு வரும். கவ்வாணி போதும். 1/8 அங்குலத்துக்குச் செம்பு நிறக் கவ்வாணி, 5/32க்குக் கறுப்பு.

மீதி இருப்பது நான் உள்ளே பிடித்திருந்த அந்த இரும்புக் கட்டை. முட்டுக்கட்டை என்று பலர் எழுதியிருந்தீர்கள். செயலுக்குப் பொருத்தமே, ஆனால் அந்தச் சொல்லைத் தடை என்ற பொருள் முழுதாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. “முட்டுக்கட்டையை விலக்காமல் அடிக்கவும்” என்று குறிப்பில் எழுத எனக்குக் கை வரவில்லை. கொல்லரின் பட்டடையைக் கையில் தூக்கிக்கொண்டுபோனால் எப்படியோ அப்படித்தான் இது. அதனால் கைப்பட்டடை என்று எழுதிப் பார்த்தேன். இதில் மட்டும் எனக்கு முழு உறுதி இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளோடு பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால், அங்கே இதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். டாலி என்ற ஆங்கிலச் சொல்தான் பதிலாக வருமென்றால் அதையும் சொல்லுங்கள், பக்கத்தில் குறித்துவைப்பேன்.

அடுத்த சனிக்கிழமை கூரைத் தகடு. அதற்குள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்.