சிங்கிள் காஸ்க் கல் ஈலா 57.8%: தண்ணீர் விட்டா மதிப்பெண் போடுவது?

தராசு:
இண்டிபெண்டன்ட் பாட்டிலர் (டிஸ்டில்லரி பீப்பாயை வாங்கித் தானே பாட்டிலில் அடைப்பவர்) போட்ட கல் ஈலா, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி, ஒரே பீப்பாய்ச் சரக்கு. 12 வருடம், ரீஃபில் (ஏற்கெனவே விஸ்கி வைத்த) ஹாக்ஸ்ஹெட் பீப்பாய், ஆல்கஹால் 57.8%, மொத்தம் 278 பாட்டில். மூக்கில் முதலில் ஸ்பிரிட் காரம். பிறகு எலுமிச்சைத் தோல், உப்பு, அணைந்த கரி. வாயில் நடுப்பகுதி (முதல் சுவைக்கும் விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கும் இடைப்பட்டது) காலி. நிறமோ வெளிறிய வைக்கோல். பீப்பாய் வேலையே செய்யவில்லை. 100க்கு 81.

ஓக்மரம்:
தண்ணீர் விட்டீர்களா? 57.8%-இல் எத்தனால்தான் முந்திக்கொள்ளும். துலிப் கிளாஸில் 25 மி.லி. ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். பிறகு சிரிஞ்சில் 2 மி.லி. வீதம் தண்ணீர். 6.4 மி.லி. போனால் 46%, 11 மி.லி. போனால் 40%. இடையில் கலங்கினால் அது கோளாறில்லை. சில்-ஃபில்டர் செய்யாத (குளிரவைத்து வடிகட்டாத) சரக்கில் கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிவதுதான்.

நிறத்துக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். டிஸ்டில்லரி பாட்டில்களில் E150a கேரமல் (நிறமூட்டி) சேர்க்க விதி இடம் தருகிறது. ஏற்கெனவே பயன்பட்ட ஓக், 12 வருடத்தில் இவ்வளவுதான் நிறம் தரும்.

தராசு:
நிறத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை. நடுப்பகுதிக்குக் குறைத்தேன். தண்ணீர் விட்டால் காரம் அடங்கும், சரி. இல்லாத எண்ணெய்ப்பதம் எங்கிருந்து வரும்? 40%-க்கு இறக்கினால் இன்னும் நீர்த்துப்போகும். காஸ்க் ஸ்ட்ரெங்த் (பீப்பாயின் வீரியத்திலேயே தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது) விலை கொடுத்துவிட்டு அதைச் செய்வானேன்?

பீட்கட்டி:
பல விஸ்கிகளைக் கலந்து தயாரிக்கும் பிளெண்டர்கள் சுமார் 20%-க்கு இறக்கித்தானே முகர்கிறார்கள்? கந்தகம், ரப்பர், சோப்பு எல்லாம் அங்கேதான் மாட்டும். 2017-இல் ஸ்வீடனில் வந்த ஆய்வையும் பாருங்கள்: புகைமணம் தரும் குவாயகால், 45% வரை மேற்பரப்பில் நிற்கிறது, 59%-க்கு மேல் உள்ளே அமுங்குகிறது. பீட் (மட்கிய தாவரக் கரி) புகையூட்டிய விஸ்கிக்கு இது முக்கியம்.

தராசு:
அது கணினியில் செய்த கணக்கு, யாரும் முகர்ந்து பார்த்ததில்லை. பிளெண்டர் தேடுவது குறையை. அவர் வேலை வேறு. குடிப்பவனுக்கு வாய்தான் தீர்ப்பு.

ஓக்மரம்:
பீப்பாய்க்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். ஹாக்ஸ்ஹெட் சுமார் 250 லிட்டர். 278 × 0.7 = 195 லிட்டர். வருடம் 2% ஆவியானால் 12 வருடத்தில் அவ்வளவுதான் மிஞ்சும். 500 பாட்டில் என்று போட்டிருந்தால் சந்தேகப்படலாம். ஆக இது சோம்பேறிப் பீப்பாய் என்றாலும் நேர்மையான பீப்பாய். ஸ்பிரிட்டையே பார்க்க விரும்புகிறவனுக்கு இதுதான் வேண்டும். பக்கத்து டிஸ்டில்லரி லகவூலினுக்கும் இதே போர்ட் எலன் மால்ட்தான் (முளைகட்டிய பார்லி), வித்தியாசம் பெரும்பாலும் ஸ்டில்லிலும் (காய்ச்சும் பாத்திரம்), வடிப்பில் எந்தப் பகுதியை எடுப்பது என்ற ‘கட்’டிலும் இருக்கிறது.

பீட்கட்டி:
சண்டை வேண்டாம். இரண்டு கிளாஸ், ஒன்று நீட் (தண்ணீர் இல்லாமல்), ஒன்று 46%. இன்னொருவர் ஊற்றட்டும், எது எதென்று சொல்லாமல். காரம் காட்டிக்கொடுத்துவிடும்தான், ஆகவே மூக்கை விடுங்கள், நடுப்பகுதிக்கு மட்டும் மதிப்பெண் எழுதுங்கள்.

தராசு:
செய்கிறேன். 46%-இல் நடுப்பகுதி நிறைந்தால் 84 தருவேன். அதற்கு மேல் கிடையாது.