கேக்காம எடுக்கிற ரூம்மேட்: உங்க அனுபவம் இன்னா?

வண்ணை வாசி:
தண்டையார்பேட்டைல மாடி ரூம், ரெண்டு பேர். சார்ஜர், தேங்கா எண்ணெய்லாம் எல்லா ரூம்லயும் நடக்கிறதுதான், வுடுங்க. தங்கச்சி நிச்சயத்துக்குன்னு எம்.சி. ரோட்டுல எடுத்த சட்ட. காலர் அட்டயக்கூட உருவல. ஞாயித்துக்கெழம காலைல பையன் அதப் போட்டுகினு காசிமேட்டுக்குப் போயி சங்கரா வாங்கினு வந்து நிக்கிறான். கை மடிப்புல செதிலு ஒட்டிகினு மின்னுது. "இன்னாபா இது?"ன்னேன். "கேட்டா தரமாட்டேன்னா சொல்லப்போற?"ன்னான். இதுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. கொழம்பு சூப்பரா வெச்சான், அது வேற.

எண்ணூர் காத்து:
சட்டயோட போச்சேன்னு இரு. எனக்கு துண்டு. இடுப்புல வட்டமா செவந்து ஒரே அரிப்பு. டாக்டரம்மா பாத்ததுமே "படர்தாமரை. துண்டு யாரெல்லாம் யூஸ் பண்றீங்க?"ன்னாங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஸ்டீராய்டு க்ரீம் தடவுனதுக்கு வேற திட்டு, அப்போதைக்கி அடங்கி அப்பால பெருசா பரவுமாம். ரூமுக்கு வந்தா அவன் என் துண்டுல தல துவட்டிகினு, "மச்சி, இது ஈரமா கீது, வேற இருக்கா?"

ராயபுரம் ஹாஸ்டல் பொண்ணு:
என் கண்மைய எடுத்த அக்காகிட்ட நேராவே சொன்னேன்: "அக்கா, கண்ணுல வெக்கிறது, இது மட்டும் வேணாம்." மூஞ்சி சுண்டிப் போச்சு. மறுநாள்லேந்து எல்லாத்துக்கும் பர்மிஷன். "உன் ஃபேன் காத்து என் பக்கம் வருது, பரவால்லயாம்மா?"

பெரம்பூர் பெருசு:
வண்ணை தம்பி, சட்டைக்கெல்லாமா இவ்ளோ வருத்தம்? எங்க ரூம்ல ஒரே நல்ல சட்டை, யாருக்கு இன்டர்வியூவோ அவன் போடுவான். என் பிரச்சனை வண்டி. ஆணில மாட்டின சாவிய ரூம்மேட் எடுத்துட்டுப் போனான், ஹெல்மெட் இல்லாததுக்கு 1000 ரூபா சலான் என் போனுக்கு வந்துச்சு. அவ்ளோதான். ஆனா எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டிய விட்டா, 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டம் 180-வது பிரிவுல ஓனருக்கு 5000 ரூபா அபராதம், இல்லன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்துகூட வரலாம். ஓட்டுனவனுக்கு 181-ல தனியா. எவனாவது அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் அவங்களுக்குப் பணத்த கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ண வருவான். சாவிய பீரோல வெச்சுப் பூட்டுங்க. ரேசரையும்தான், ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்துல பரவுற சமாச்சாரம். அப்புறம் வாடகை அக்ரிமென்ட்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கான்னு...

எண்ணூர் காத்து:
பெருசு, அக்ரிமென்ட்ட யாரு கேட்டா? உங்க ரூம்ல சொல்லிட்டு எடுத்தாங்க, இங்க சொல்லாம எடுக்கிறான். அதாம்பா மேட்டரே.

வண்ணை வாசி:
அப்டி சொல்லு. அவனையே எம்.சி. ரோட்டுக்கு இட்டுனு போயி வேற சட்ட வாங்கித் தர வெச்சேன். அங்கயே அவனுக்கும் ஒண்ணு பாத்துட்டான். "கைல காசில்ல மச்சி, ஜிபே பண்ணு, ரூம்ல தரேன்"னான். இன்னும் தரல.