ரேஸுக்கு முதல் நாங்கள் கிட்டப் பார்த்த அணிகள்: நம்ம பக்கத்து ஆக்களின் அனுபவங்கள்

களுவாஞ்சிகுடி கராஜ்:

2025 ஜனவரியில் டுபாய் 24 மணி நேர ரேஸுக்கு அஜித் குமாரின் அணி வந்தபோது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்கள் யாராவது நேரில் போயிருந்தால் எழுதுங்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் போனேன். அப்போது டுபாயில், அல் கூஸில் ஒரு கராஜில் வேலை. இப்போது ஊரோடு வந்து களுவாஞ்சிகுடியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறேன், அதனால் நடிகரைப் பார்த்த கதையை விட காரைப் பார்த்த கதைதான் என்னிடம் கூட இருக்கும்.

சனம் என்றால் அப்படிச் சனம். ஷார்ஜாவிலிருந்து, அபுதாபியிலிருந்து, ராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் நேராக வந்தவர்கள் கூட நின்றார்கள். தமிழ்நாட்டுப் பெடியங்கள்தான் அதிகம். ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளும் "மச்சான் இஞ்சால வா" என்று ஒரு குரல் கேட்டால் திரும்பாமலே தெரியும், நம்ம ஆள்தான். ஆரையம்பதி, செட்டிபாளையம், காரைதீவு என்று அங்கேயே சேர்ந்த கூட்டம் எங்களுடையது.

எல்லார் வாயிலும் ஒரே கதை, செவ்வாய்க்கிழமை நடந்த விபத்து. 7ஆம் திகதி பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவைப் பார்க்காத ஆளில்லை. அவர் காயமில்லாமல் இறங்கி வந்துவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு சொந்த அணியின் 901ஆம் இலக்கக் காரை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். அதை மத்தியூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரூன் மெக்லியோட் மூவரும் ஓட்ட, அவர் ஜிடி4 என்ற பிரிவில் ஓடிய 414ஆம் இலக்க போர்ஷே கேமன் காரில் மட்டும் ஏறினார். கூட்டத்தில் கொஞ்சப் பேருக்கு இதில் கவலை. எனக்கு அப்படி இல்லை. 24 மணி நேர ஓட்டத்தில் கார் கடைசிக் கோட்டைத் தாண்டுவதுதான் கணக்கு, யார் கையில் ஸ்டியரிங் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான். 53 வயதில், அத்தனை ஆயிரம் பேர் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், அணிக்கு எது நல்லது என்று யோசித்து ஒதுங்கினார் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. சும்மா பொழுதுபோக்குக்கு வந்த ஆளும் இல்லை, 2010இலேயே ஃபார்முலா 2 ஓட்டியவர்.

சரி, கிட்டப் போன கதைக்கு வருகிறேன். சனம் முழுக்க அவர் எந்தப் பக்கத்தால் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் மெதுவாக, கார்களை நிறுத்தி வேலை பார்க்கிற பிட் பக்கம் நகர்ந்து கயிற்றுக்கு வெளியே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் ஒயில் கறை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாதே. "மெக்கானிக்கா?" என்றார், தலையை ஆட்டினேன். அதோடு சரி, மனுசன் தன் வேலையை எனக்கு விளங்குகிற மாதிரி நின்று செய்ய ஆரம்பித்துவிட்டார். காரில் ஒரு துவாரம், அதில் காற்றுக் குழாயைச் செருகி அழுத்தினார். ஜாக் எதுவும் கீழே வைக்கவில்லை, கார் தானாகவே மேலே எழும்பி நின்றது. சில்லில் நம்மட வண்டி மாதிரி ஐந்து நட் இல்லை, நடுவில் பெரிய ஒரே ஒரு நட். நட் கழற்றுகிற காற்றுக் கன்னை வைத்தார், ஒரு சத்தம், சில்லு கையில். இதெல்லாம் யூடியூப்பில் எத்தனையோ தரம் பார்த்ததுதான், இருந்தாலும் அந்தக் காற்றுச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்புறம் ஓட்டுநர் மாறும் பயிற்சி. ஒருவர் இறங்க, மற்றவர் உள்ளே போக, வெளியே நிற்பவர் குனிந்து பெல்ட்டைப் போட, ரேடியோ வயரைக் கொழுவ, கதவை அடிக்க. திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும். ஒரு தரம் பெல்ட் முறுகிவிட்டது, யாரும் யாரையும் ஏசவில்லை, இறங்கித் திரும்பச் செய்தார்கள். நான் வேலை பழகிய இடத்தில் சாவி கைதவறி விழுந்தாலே முதுகில் விழும், அதனால் இது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பெடியங்களை நான் ஏசுவதில்லை.

அஜித்தும் வந்தார், கையசைத்தார், சனம் ஆர்ப்பரித்தது. பக்கத்து அணிகளின் ஆக்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து வாய் பார்த்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: அந்த நேரத்தில் சில பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். ஒரு பெடியன் டயர் வண்டிக்குக் குறுக்கே நின்று செல்பி எடுக்கிறான், அந்த மெக்கானிக் வண்டியைப் பிடித்தபடி காத்து நிற்கிறார். அன்பு இருக்கிறது என்பதற்காக அவர்களின் வேலையை மறிக்கக் கூடாது. அவர்கள் நம்மைக் கிட்ட விட்டதே நம்மை நம்பித்தானே?

ரேஸை ஊரிலும் பார்த்தார்கள். யூடியூப்பில் இலவச நேரலை, நமக்கும் டுபாய்க்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். வெளியே மாரி மழை, கரண்ட் போனால் போனில் டேட்டா போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 'கோட் 60' என்றால் என்ன என்று ஊரிலிருந்து என் தம்பி கேட்டு மெசேஜ் போட்டான். பாதையில் ஏதாவது விபத்து என்றால் எல்லாக் காரும் மணிக்கு 60 கிலோமீற்றரில் மட்டும்தான் போகலாம், முந்தவும் முடியாது என்று எழுதினேன். கடைசியில் 901 தன் பிரிவில் 3ஆம் இடம், ஜிடி4 பக்கம் 'ஸ்பிரிட் ஒஃப் த ரேஸ்' விருது. பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்க வீட்டில் வெடி கொளுத்தியிருக்கிறார்கள்.

அம்பாறை வாசி:

அண்ணன் கோட் 60 பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்குத் தியத்தலாவைதான் ஞாபகம் வந்தது. 2024 ஏப்ரலில் அங்கே நடந்த ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரோஸ் பைக், கார் ரேஸுக்கு நாங்கள் பெடியங்களோடு போயிருந்தோம். காலையில் ஓட்டுபவர்களோடு கதைத்தோம், பைக்கைத் தொட்டுப் பார்த்தோம், யாரும் தடுக்கவில்லை, அந்த நெருக்கம்தான் அங்கே பெரிய சந்தோசம். பின்னேரம் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் 8 வயதுப் பிள்ளை ஒன்றும். நாங்கள் நின்றது வேறு வளைவில், அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். கிட்டப் போவதற்கு ரேஸுக்கு முதல் நேரம் இருக்கிறது. இஞ்சின் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் வேலிக்குப் பின்னால், அதுவும் தூரத்தில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அக்கரைப்பற்று நாநா:

அம்பாறைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் கட்டாரில் இருந்தவன், லுசைலில் நடக்கிற 1812 கிலோமீற்றர் ரேஸைச் சொல்கிறேன். 2025இல் பெப்ரவரி 28, மறுநாள் அங்கே நோன்பு தலைப்பிறை, அதனால் ரூமில் எல்லாரும் சாமான் வாங்கத் திரிய நான் மட்டும் ரேஸுக்குப் போனேன். உம்மாவிடம் போனில் சொன்னேன், "போய்ட்டு நேரத்தோட வா மகன்" என்றா.

நான் போனது வலன்டினோ ரொஸிக்காக. பைக்கில் நம் காலத்து ராசா, அந்த ரேஸில் பிஎம்டபிள்யூவில் 46ஆம் இலக்கத்தோடு கார் ஓட்டினார். அவரிடம் கையொப்பம் வாங்க நின்ற வரிசை முடிவே தெரியவில்லை, நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். ஆனால் அதே கையொப்ப நேரத்தில் மஞ்சள் பெராரி அணியின் மேசைக்கு முன்னால் சனம் குறைவு, அங்கே ரொபர்ட் குபிட்சா. 2011இல் ரலி விபத்தில் வலது கை கிட்டத்தட்ட அறுந்தே போன மனுசன், 2019இல் ஃபார்முலா 1க்கே திரும்பி வந்தவர். என் முறை வந்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்து போய், "ஸ்ரீலங்கா" என்று மட்டும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், ஒரு நிமிசம் கூட இல்லை. அன்றைக்கு முதல் 3 இடமும் பெராரிக்கு. ஜூனில் அதே மஞ்சள் கார் பிரான்சில் நடக்கிற லு மான் 24 மணி நேர ரேஸில் ஜெயித்தபோது வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: கையொப்ப நேரம் குறைவு, எல்லா மேசைக்கும் போக முடியாது. யாரைப் பார்ப்பது என்று முதலே முடிவு செய்துகொண்டு போங்கள், கறுப்பு மார்க்கர் பேனை கையில் இருக்கட்டும். களுவாஞ்சிகுடி அண்ணன் சொன்ன மாதிரி மெக்கானிக்மாரையும் பாருங்கள், அவர்களுக்கு முன்னால் வரிசையே கிடையாது.